முத்திருளாயி வீட்டுப் பாரி

அந்த ரேடியோ செட்டை அமத்தச் சொல்லுங்கத்தா. தம்பி, அமத்துப்பா. நான் இன்னும் வாயே தொறக்கல, அதுக்குள்ள அது எதுக்குக் கெடந்து கத்துது.

எத்தனை தடவ கூப்புடுவீக? “பாட ஆரம்பிங்க பெரியம்மா, பொழுதாகுது பெரியம்மா.” ஆகட்டுமே. இன்னைக்கு மொதநாள் கும்மிதான? நேத்துத்தான் வெதச்சிருக்கு. முளைப்பாரி என்ன எந்திரிச்சு ஓடியா போயிரும்? நான் இந்தக் கல்லுல செத்த உக்காந்துக்கிறேன். முட்டி ரெண்டும் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது.

ஏ கோகிலா, நீ இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்து வருசம் ரெண்டாச்சுல்ல? கோயில் பொட்டல்ல இந்தக் கல்லு எதுக்குக் கெடக்குன்னு யாராச்சும் சொன்னாகளா? சொல்லலையா. ஒன் மாமியாளுக்கே தெரியாது, அவ எங்குட்டுச் சொல்ல. கோவிச்சுக்காத மதினி, உள்ளதத்தான சொல்றேன். எல்லாரும் உக்காருங்க. பாடக் கூப்புட்டா கதை சொல்றாளேன்னு மொணங்காதீக. இதைச் சொல்லாம இன்னைக்கு எனக்குப் பாட்டு வராது.

ரோட்டுக்குக் கப்பிக்கல்லு விழாத காலம். சீமெண்ணெ வெளக்கே பெரிய வீட்டுல மட்டும் எரிஞ்ச காலம். இதே கொன்றையூரணி, இதே அம்மன், கோயிலுக்குத்தான் ஓலைக் கூரை. அப்ப இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தாளாம் முத்திருளாயின்னு ஒருத்தி.

எந்த ஊருக்காரின்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாக. தெக்கத்திக்காரிம்பாக. ஆத்துக்கு அக்கரைம்பாக. ஆளு கறுப்பு, ஒல்லி, ஊதுனா விழுந்துருவா. ஆனா குரலு இருக்கே, அது அந்த ஒடம்புக்குள்ள எங்க கெடந்துச்சுன்னு தெரியாதாம். வந்த புதுசுல வாயே தொறக்க மாட்டாளாம். ஊமைப் பொண்ணைக் கட்டிட்டு வந்துட்டான்னு அவ புருசனைக் கேலி பண்ணுவாகளாம்.

ஒருநா பெரிய வீட்டு வயல்ல களை எடுக்கப் போயிருக்காக. உச்சி வெயிலு. கஞ்சி வரணும், வரல. எல்லாரும் வரப்பையே பாத்துக்கிட்டு நிக்கிறாக. அப்பத்தான் இந்த ஊமை குனிஞ்ச தலை நிமிராம பாடுனாளாம்.

*கஞ்சி வரும் கஞ்சி வரும் கண்ணு பூத்துப் போச்சு – அந்தக்*
*கலயம் வந்து சேரும் முன்னே களையும் முத்திப் போச்சு*

அம்புட்டுத்தான். வயலே சிரிச்சிருச்சு. வரப்புல நின்ன கங்காணிக்குச் சிரிப்பை அடக்க முடியலையாம். மறுநாள்ல இருந்து கஞ்சி நேரத்துக்கு வந்துச்சு. “யாருத்தா ஒனக்குப் பாட்டுச் சொல்லிக் குடுத்தது?”ன்னு கேட்டா, “பாத்தேன், வந்துச்சு”ன்னாளாம். அவ பாட்டு அப்புடித்தான். பாத்தாத்தான் வரும். பாக்காதது வராது.

அன்னைக்குப் புடிச்சது சனி. நான் அப்புடித்தான் சொல்லுவேன், நீங்க கோவிச்சாலும் சரி.

அதுக்கு முன்னால நம்மூருல பாரியைச் சுத்திக் கும்மியடிக்கிறப்ப, இது இன்னார் வீட்டுப் பாரி, இது இன்னார் வீட்டுப் பாரின்னு சும்மா பேரைச் சொல்லிட்டுப் போயிருவாகளாம். இவதான் வீட்டுக்கு ரெண்டடி கட்டிப் பாடுனா. பேர்பாட்டுன்னு அதுக்குப் பேரு. கும்மிக்கு முன்னாலயே ஒவ்வொரு வீடாப் போவா. நெலைப்படியில நிப்பா. “என்னத்தா இருக்கு, என்னத்தா நடக்கு?”ம்பா. உள்ள ஒரு பார்வை பாப்பா. எந்த வீட்டுல மாடு ஈண்டிருக்கு, எந்த வீட்டுல பிள்ளை சமஞ்சிருக்கு, எந்த வீட்டுல கெழவன் வீம்புக்குச் சாப்புடாமக் கெடக்கான், எல்லாம் அவ கண்ணுல பட்டுரும். ஊருக்குத் தலைமை பாக்குற அம்பலக்காரவுக வீட்டுக்கு ஒரு தடவ பாடுனது இன்னமும் நம்ம வாயில இருக்கே.

*ஏழு ஊரு வண்டி வந்து எறங்குகிற வாசல் – அங்க*
*எறும்புக்கும் போக மிச்சம் எள்ளு கெடக்கும் வாசல்*

கேட்டுட்டு அம்பலக்காரர் பொஞ்சாதி வீராயிக்கு நெஞ்சு நிமிந்து போச்சாம். நெஞ்சு நிமிந்தா சும்மா இருப்பாளா? மறு வருசம், “அதே பாட்டையா பாடுவ? புதுசு கட்டு”ன்னுட்டா. அவளுக்குப் புதுசுன்னா எல்லாருக்கும் புதுசு வேணும். “எனக்கு ரெண்டடி, அவளுக்கு மட்டும் நாலடியா?”ன்னு ஒருத்தி மூஞ்சியத் தூக்குவா. “என் மருமக பேரை எதுக்கு இழுத்த?”ன்னு இன்னொருத்தி வருவா. பாட்டு கட்டுறது ஒரு வேலை, பஞ்சாயத்துப் பேசுறது ஒரு வேலை. ரெண்டுக்கும் ஒரே தொண்டைதான்.

வெளியூருக்குப் பேரு பரவுனப்பறம் கேக்கவே வேணாம். வண்டி கட்டிக்கிட்டு வந்துருவாக. காதுகுத்துக்கு அவதான், கல்யாணத்துக்கு அவதான், எழவு விழுந்தா மாரடிச்சுப் பாடவும் அவதான். காலையில ஒரு ஊருல சிரிக்கப் பாடி, சாயங்காலம் இன்னொரு ஊருல அழுகப் பாடிட்டு வருவாளாம். உள்ளூரானாலும் வெளியூரானாலும் கூலின்னு ஒரு மரக்கா தானியம், ஒரு பழைய சேலை. திரும்பி வந்து முந்தானையால மூஞ்சியத் தொடச்சுக்கிட்டு வண்டியில இருந்து எறங்குவா. எறங்கறதுக்குள்ள நம்மூருக்காரி ஒருத்தி நிப்பா. “ஏத்தா, அந்த ஊருல என்ன பாடுன? எங்களுக்கு ஒருக்கா பாடிக் காட்டேன்.” பாடுவாளாம். நின்ன வாக்குலயே பாடுவாளாம். “உள்ள வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுப் பாடு”ன்னு சொன்னதா எந்தக் கதையிலயும் இல்ல. நான் கேட்டுப் பாத்துட்டேன்.

இதுக்கு நடுவுல அவ புருசன் கண்டிச்சீமைக்குத் தேயிலை கிள்ளப் போனான். போனவன் போனவன்தான். செத்தானா, வேற குடும்பம் வச்சானா, ஒரு தாக்கலும் இல்ல. கையில ஒத்தப் பொம்பளப் பிள்ளை, சிகப்பின்னு பேரு. ஊருல யாருக்காச்சும் அவ சங்கதி தெரியுமா? தெரியாது. அவதான் எல்லார் வீட்டுக்கும் போயிப் பாத்தா. அவ வீட்டுக்கு யாரு போனா?

பக்கத்து வீட்டுக்காரி கூடப் போகல. அடைக்கின்னு ஒருத்தி, நடுவுல ஒரு வேலிதான். அடைக்கிக்கு வாயின்னா வாயி, கோட்டை வாயி. ஒரு வருசம் அவ வீட்டுக்கு முத்திருளாயி இப்புடிப் பாடிட்டா.

*வெள்ளைக் கோழி காணமின்னா வீதியெல்லாம் தேடும் – எங்க*
*அடைக்கி வாயத் தொறந்துபுட்டா அடுத்த ஊரும் கூடும்*

சிரிங்க, சிரிங்க. அன்னைக்கும் இப்புடித்தான் சிரிச்சாக. அடைக்கிக்கு மட்டும் சிரிப்பு வரல. “ஊரு முன்னால என்னை வாயாடின்னு பாடிப்புட்டா பாத்தியா”ன்னு பேச்சை நிறுத்திட்டா. வேலிக்கு அங்குட்டு இவ, இங்குட்டு அவ. மொகம் பாக்குறதில்ல. இப்புடியே வருசக்கணக்காப் போச்சு.

இன்னொண்ணு சொல்லணும், இதுதான் முக்கியம், காதை இங்குட்டுக் குடுங்க. ஊரு முழுக்கப் பாரி போடும். முத்திருளாயி வீட்டுல மட்டும் போட மாட்டாக. ஏன்? பாட்டுக்காரி தன் வீட்டைத் தானே பாடக்கூடாது. பாடுனா அந்தப் பாரி கருகிரும், வீட்டுக்கு ஆகாதுன்னு ஊருக்கட்டு. அவளை விட்டா ஊருல பாட்டுக் கட்ட யாருக்கு வரும்? ஒருத்திக்கும் வராது. பாட ஆளில்லாத பாரியை எதுக்குப் போடுறதுன்னு அவ பாட்டுக்கு இருந்துக்கிட்டா. யாரும் கேக்கல. அவளுக்கு எதுக்குப் பாட்டு, அவளே பாட்டுத்தானன்னு நெனச்சுட்டாக. அதுதான் இந்த ஊரு செஞ்ச தப்பு.

சிகப்பியை அடுத்த ஊருல கட்டிக் குடுத்தாச்சு. தலைப்பிரசவத்துக்கு ஆத்தா வீட்டுக்கு வந்திருக்கா. வந்த நேரம் பாரி வெதைக்கிற நேரம். “ஆத்தா, நான் அம்மனுக்கு வேண்டிக்கிட்டேன், பாரி போடப் போறேன்.”

“வேணாம்டி. நம்ம வீட்டுக்குப் பாட ஆளில்ல.”

“நீ ஊருக்கே பாடுறியே. எனக்கு ஒருத்தி பாட மாட்டாளா?”

சிகப்பி ஒரு சின்ன ஓட்டுல மண்ணும் எருவும் போட்டு, தானியத்தை வெதச்சு, ஊருப் பாரியெல்லாம் வளர்ற பாரி வீட்டுல ஒரு மூலையில வச்சுட்டு வந்துட்டா. பாரி வீடு இருட்டா இருக்கும், ஒங்களுக்கே தெரியும். அத்தனை பாரிக்கு நடுவுல இத்துனூண்டு ஓடு யாரு கண்ணுக்குத் தெரியும்?

வந்துச்சு கடேசி நாளு. பொழுது சாயறதுக்குள்ள பாரியெல்லாம் ஊரணித் தண்ணியில சேரணும். காலையில கெளம்புறப்ப சிகப்பி முந்தானையப் புடிச்சாளாம். “ஆத்தா, இடுப்பு கடுக்குது. இன்னைக்குப் போகாம இரேன்.”

“நான் போகலைன்னா பாரி எப்புடித்தா எந்திரிக்கும்? வெரசாப் பாடி முடிச்சுட்டு ஓடியாந்துர்றேன். வலி கூடுச்சுன்னா கூப்புடு.”

கூப்புடச் சொன்னா. எங்கருந்து கூப்புட? வீடு ஊருக் கடேசியில. இங்க கொட்டும் கொலவையும் காதைப் பொளக்குது. அது அவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிஞ்சுதான் போனா. பாட்டுக்காரி பொழப்பு அது.

இதே பொட்டல்லதான் பாரியெல்லாம் வட்டமா எறக்கி வச்சிருக்கு. வந்ததுமே சொல்லிட்டாளாம், “தாயிகளா, இன்னைக்கு வீட்டுக்கு ரெண்டடிக்கு மேல கேக்காதீக. மக வலியில கெடக்கா.”

ஒருத்தி சொன்னாளாம், “தலைச்சன் வலி அப்புடித்தான் பொய்யும் புரட்டுமா வரும்.” இன்னொருத்தி, “நான் என் மூத்தவனுக்கு ரெண்டு நாளு கெடந்தேன்.” வீராயி சொன்னாளாம், “சரி சரி, சீக்கிரம் பாடு. என் வீட்டுக்கு மட்டும் கொறைச்சுப்புடாத.”

பாடுனா. ஒவ்வொரு வீடாப் பாடுனா. கும்மி அடிச்சுச் சுத்துறவளுக மாறி மாறிச் சுத்துவாளுக, ஒருத்தி ஓஞ்சா இன்னொருத்தி எறங்குவா. பாடுறவளுக்கு மாத்து ஆளு கெடையாது. எனக்குத் தெரியும்த்தா அந்த வேக்காடு. தொண்டை வத்திப் போயி, நாக்கு மேல ஒட்டிக்கிட்டு, கண்ணு ரெண்டும் வீட்டுப் பக்கமே போகும். “இன்னொரு அடி”ன்னு கேப்பாக. பாடுனா. “போன வருசம் இதைவிட நல்லாருந்துச்சே”ம்பாக. மாத்திப் பாடுனா.

எல்லா வீடும் ஆச்சு. “மங்களம் பாடு, தூக்குவோம்”ங்கிறாக. வட்டத்தை ஒருக்கா பாத்தாளாம் முத்திருளாயி. பாத்துட்டு, “இன்னும் ஒரு பாரி இருக்கு”ன்னாளாம்.

“யாரு பாரிடி?”

“அந்தா, அந்தச் சின்ன ஓடு. என் மக போட்டது.”

மத்த பாரியோட பாரியாத் தூக்கியாந்து வச்சிருக்காக, யாருதுன்னு ஒருத்தியும் கேக்கல. கும்மி நின்னு போச்சு. பாடாத பாரி வட்டத்துல இருந்தா மங்களம் பாடக்கூடாது. மங்களம் பாடாம ஒரு பாரியும் எந்திரிக்கக்கூடாது. அது முடியற வரைக்கும் பாட்டுக்காரி பொட்டலை விட்டுப் போகக்கூடாது, போனா அத்தனை பாரியும் தலை சாஞ்சிரும். எல்லாம் இவுகளாப் போட்ட கட்டுத்தான். இப்ப எல்லாரும் அதுக்குள்ள மாட்டிக்கிட்டாக.

“நீயே பாடிரு. அம்மன் ஒண்ணும் சொல்லாது”ன்னு ஒருத்தி.

முத்திருளாயி சொன்னாளாம், “இத்தனை வருசமா நீங்க சொன்ன கட்டுதானடி? என் பாரி கருகுனாக் கூடத் தொலையுதுன்னு பாடிருவேன். அது என் மக பாரி. அவ வயித்துப் பிள்ளைக்கு வேண்டிப் போட்டது. நான் பாட மாட்டேன்.”

“அப்ப அதை மட்டும் தூக்கி வெளிய வச்சுருங்க”ன்னாளாம் வீராயி. சொன்னா, ஆனா ஒருத்தியும் கிட்டப் போகல. பிள்ளை பெறக் கெடக்கிறவ பாரியைத் தூக்கி எறிய எந்தக் கை துணியும்? வீராயி கையும் வரல.

சரி, நாமளே பாடுவமுன்னு எறங்குனாக பாருங்க ஒரு கூத்து. ஒருத்தி ஆரம்பிச்சா, “முத்திருளாயி வீட்டு வாசல்ல முருங்கமரம் பூத்திருக்கு...” “அடியே, முருங்கமரம் ஒன் வீட்டுலடி இருக்கு!” இன்னொருத்தி, “தொழுவத்துல மாடு கட்டி...” “அவளுக்கு ஏதுடி மாடு?” வீராயி ரொம்ப எறங்கி வந்து, “என் வீட்டு அடியவே அவளுக்கும் பாடிருங்க, போகுது”ன்னாளாம். அதுக்கு முத்திருளாயி, “எங்க வீட்டுல எறும்பு கூட எட்டிப் பாக்காது தாயி. எள்ளுக்கு எங்க போக?”ன்னாளாம். யாரும் சிரிக்கல.

கடேசியா ஒருத்தி கேட்டா, “ஒன் வீட்டுல என்னதாண்டி இருக்கு? சொல்லு, அதை வச்சுக் கட்டுறோம்.”

“நான் சொன்னா அது நான் பாடுன மாதிரிதான். நான் ஒங்க வீட்டையெல்லாம் வந்து பாத்துத்தான பாடுனேன்? நீங்களும் ஒரு தடவ போயிப் பாருங்கடி. என் மகளையும் பாத்துட்டு வாங்க. எனக்குக் கால் நிக்கல.” சொல்லிட்டு ஒரு கல்லுல உக்காந்துட்டாளாம். இந்தா, இந்தக் கல்லுதான். கும்மி நடக்கையில அவ உக்காந்து யாரும் பாத்ததில்ல.

யாரு போறது? எல்லாரும் அடைக்கியப் பாத்தாக. பக்கத்து வீட்டுக்காரி அவதான. “எனக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தையே இல்ல. பாரிக்காகத்தான் போறேன், பாத்துக்கங்க”ன்னு மொணங்கிக்கிட்டே கெளம்புனாளாம். பின்னாலயே நாலஞ்சு பேரு.

வீதியில நின்னு பாத்தா வீடு நல்லாத்தான் இருக்காம். வாசல் தெளிச்சிருக்கு, கோலம் போட்டிருக்கு. உள்ள போனா, பின்பக்கம் பாதிக் கூரை இல்ல. வானம் தெரியுது. அடுப்புல சாம்பல் ஆறிக் கெடக்கு. தொறந்த பானையில அடியில ஒட்டுன நீச்சத்தண்ணி. ஊருக்குள்ள ஒவ்வொருத்தியும் குடுத்த பழஞ்சேலை அத்தனையையும் கயித்துல வரிசையாக் கட்டி, மழைச் சாரலு அடிக்காம மறச்சிருக்கா. அந்தச் சேலைக்கு இந்தப் பக்கம், ஈரத் தரையில, சாக்கை விரிச்சு, முந்தானையக் கடிச்சுக்கிட்டுக் கெடக்கா சிகப்பி. பனிக்கொடம் ஒடஞ்சு எந்நேரம் ஆச்சோ. கண்ணு சொருகிப் போச்சாம்.

அடைக்கி வாயத் தொறந்து போட்டாளாம் பாருங்க ஒரு சத்தம். “மருத்துவச்சியக் கூட்டியாங்கடியோய்!” அந்தப் பாட்டுல வந்த மாதிரியே அடுத்த ஊரு வரைக்கும் கேட்டுச்சாம். மருத்துவச்சி இங்க கும்மி வட்டத்துலதான் நிக்கிறா. அவ ஓடுறா. வெந்நி வைக்க ஒருத்தி, தாழம்பாய் எடுக்க ஒருத்தின்னு அத்தனை பேரும் ஓடுறாக. அம்பலக்காரர் பொஞ்சாதி ஓடுனதை அன்னைக்குத்தான் ஊரு பாத்துச்சாம். தன் வீட்டுப் புதுச்சேலையச் சுருட்டி நெஞ்சோட அணைச்சுக்கிட்டு ஓடுனாளாம்.

பொட்டல்ல முத்திருளாயி மட்டும். அவளும் பாரிகளும். அடைக்கி சத்தம் அவளுக்குக் கேக்காம இருக்குமா? எந்திரிச்சா ஊருப் பாரி சாஞ்சிரும், மக பாரியும் அதுலதான் இருக்கு. உக்காந்தா பெத்த வயிறு எரியுது. அந்த நேரத்துல அவ அம்மனை நோக்கி ஒரு பாட்டுப் பாடுனான்னு சில பேரு சொல்லுவாக, கேக்க நல்லாத்தான் இருக்கும். எங்க வீட்டுல சொல்றது அது இல்ல. தண்ணி தண்ணின்னு கேட்டாளாம். குடுக்க ஆளில்லையாம்.

பொழுது பனைமரத்துக்குக் கீழ எறங்குறப்ப அடைக்கி வந்தாளாம். பின்னால எல்லாரும். கை ஈரம் காயல. ஒரு சொம்புத் தண்ணிய நீட்டிக்கிட்டே சொன்னாளாம், “பேத்திடி. தாயும் பிழைச்சுக்கிட்டா. மருத்துவச்சி பக்கத்துலயே இருக்கா.” வேலிக்கு அங்குட்டு நின்னவ, வருசக்கணக்குக்கு அப்பறம் பேசுன மொதப் பேச்சு.

முத்திருளாயி தண்ணிய முழுசும் குடிச்சா. குடிச்சுட்டு, “பாத்துட்டீகள்ல? இப்பப் பாடுங்க. நான் பேத்தியப் பாக்கப் போகணும்”ன்னாளாம்.

அடைக்கி வாயத் தொறந்தா. வரல. கூரையப் பாடவா? ஆறுன அடுப்பைப் பாடவா? தான் குடுத்த கிழிஞ்ச சேலை அங்க தொங்குனதைப் பாடவா? ‘தன்னானே’ன்னு எடுக்கக்கூட வரலையாம். அத்தனை பெரிய வாயி. கண்ணுல தண்ணி கொட்டுது. என்ன செய்யன்னு தெரியாம ரெண்டு கையையும் தட்டுனாளாம். ஒரு தட்டு. மறு தட்டு. அடுத்தவ சேந்துக்கிட்டா. வீராயி எறங்குனா. அந்தச் சின்ன ஓட்டைப் பாத்துக் குனிஞ்சு குனிஞ்சு, ஒரு வார்த்தை இல்லாம, கையத் தட்டிக்கிட்டே சுத்தி வந்தாக. சுத்து முடியற நேரம் திரும்பிப் பாத்தா, முத்திருளாயி தூங்கிட்டா. இந்தக் கல்லுல உக்காந்த வாக்குல, சொம்பை மடியில வச்சுக்கிட்டு, வாயத் தொறந்து தூங்குறா.

“எழுப்பவா? மங்களம் பாடணுமே”ன்னு ஒருத்தி கேட்டிருக்கா. அடைக்கி வெரலை வாயில வச்சாளாம். அவ வாயில வெரலு வந்ததும் அன்னைக்குத்தான். மங்களம் இல்லாமலே பாரியைத் தூக்கிட்டாக. கொட்டு இல்ல, கொலவை இல்ல. சிகப்பி ஓட்டை வீராயி தன் தலையில வச்சுக்கிட்டா. அடைக்கி மட்டும் போகல. கல்லுப் பக்கத்துல நின்னு முந்தானையால ஈ ஓட்டிக்கிட்டு இருந்தாளாம்.

அந்த வருசம் மழை பேஞ்சுச்சான்னு கேப்பீக. பேஞ்சுச்சு. பேயாத வருசமும் வந்துச்சு. அதுக்கும் இதுக்கும் நான் முடிச்சுப் போடல. ஆனா அதுல இருந்து இன்னைக்கு வரைக்கும் நம்மூருல மங்களம் கெடையாது. கடேசி நாள்ல எல்லா வீடும் பாடுனப்பறம், வாயைக் கட்டி, வெறுங்கையத் தட்டி ஒரு சுத்து வர்றோம்ல, அது அவ வீட்டுக்கு. அடைக்கி சாகுற வரைக்கும் அந்தச் சுத்துக்கு ஒரு பாட்டுக் கட்டப் பாத்தாளாம், அமையவே இல்லையாம். கோகிலா, போன வருசம் நீ “இது என்ன பெரியம்மா, பாட்டில்லாம சும்மா தட்டுறாக”ன்னு கேட்டியே, அது இதுதான்.

இன்னொரு வழக்கமும் வந்துச்சு. மொதநாள் கும்மிக்கு முன்னால, பாட்டுக்காரி வாயத் தொறக்குறதுக்கு முன்னால, ஊருப் பொம்பளைக எல்லாரும் அவ வீட்டுக்குப் போகணும். நெலைப்படியில நிக்கக்கூடாது, உள்ள போகணும். அடுப்பைத் தொட்டுப் பாக்கணும், பானையத் தொறந்து பாக்கணும், கூரைய அண்ணாந்து பாக்கணும். “என்னத்தா இருக்கு, என்னத்தா நடக்கு?”ன்னு கேக்கணும். வீடு பாக்குறதுன்னு அதுக்குப் பேரு. மொதமொதல்ல பாத்தது முத்திருளாயி வீட்டைத்தான், அந்த வருசமே பனையோலை வெட்டிக் கூரைய முழுசும் மேஞ்சு குடுத்துட்டாக. அதுக்கப்பறமும் அவ ரொம்ப காலம் பாடுனா. ஆனா வீடு பாத்தப்பறம்தான் பாடுனா.

அன்னைக்குப் பொறந்த பிள்ளைக்கு நான் பேத்தி. அவுகதான் இதை எங்களுக்குச் சொன்னது. அவுகளும் பாடுனாக, எங்க ஆத்தாவும் பாடுனா, இப்ப நான் பாடுறேன். எனக்குப் பின்னால யாருன்னு கேக்காதீக, இன்னைக்கு அந்தப் பேச்சுக்குத் தெம்பில்ல.

இப்ப சொல்லுங்க. மைக்கு வந்துருச்சு, கலர் லைட்டுக் கட்டியாச்சு, வீடியோ எடுக்க ஆளு நிக்கிறான். போன வருசம் என் வீட்டுக்கு யாரு வந்தா? ரெண்டு பேரு. அதுவும் வாசல்லயே நின்னு, “நல்லாருக்கீகளா பெரியம்மா, வர்றோம் பெரியம்மா.” இந்த வருசம் அதுவும் இல்ல. அவுகவுகளுக்குச் சோலி. நானும் சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன். வாயக் கட்டிக்கிட்டுப் பாடிருவமுன்னுதான் வந்தேன். இந்தக் கல்லைப் பாத்ததும் என்னமோ உக்காந்துட்டேன்.

ஐப்பசி மழையில எங்க வீட்டுப் பின்சுவரு விழுந்து போச்சு. தார்ப்பாயக் கட்டி மறச்சிருக்கேன். காத்தடிச்சா ராவெல்லாம் அது படபடன்னு அடிக்குது, ஒரு பொட்டுத் தூக்கமில்ல. ரோட்டுல போறப்ப பாத்தா தெரியாதுத்தா. முன்பக்கம் நல்லாத்தான் இருக்கும்.

அழுகாதடி கோகிலா, ஒன்னைச் சொல்லல. எந்திரி. எல்லாரும் எந்திரிங்க. கதவு சும்மாதான் சாத்திக் கெடக்கு, தள்ளுனாத் தொறக்கும். போயிப் பாத்துட்டு வாங்க. அதுவரைக்கும் நான் இந்தக் கல்லுல செத்தக் கண்ணசர்றேன். வந்து எழுப்புங்க, பாடுறேன்.